தரிசல்ல புல்வெளி!

உலகை நாடுகளின் எல்லைக்கோடுகளால் பிரித்துப் பார்க்கவே நாம் பழகியிருக்கிறோம். இயற்கைக்கோ வேறொரு வரைபடம் உண்டு. வெப்பம், மழையளவு, மண் ஆகியவற்றுக்கேற்ப ஒத்த வகைத் தாவரங்களும் அவற்றைச் சார்ந்த விலங்குகளும் வாழும் பெரும் நிலப்பரப்பை 'உயிர்ச்சூழல் மண்டலம்' என்கின்றனர் அறிவியலாளர்கள். 2001-இல் வெளியாகி, இன்று பரவலாகப் பயன்படும் வகைப்பாடு ஒன்று பூமியின் நிலப்பகுதியை இத்தகைய 14 மண்டலங்களாகப் பகுக்கிறது. துருவத்தை ஒட்டிய தூந்திரம், ஊசியிலைக் காடு, மழைக்காடு, பாலைவனம், புல்வெளி என அவை விரிகின்றன.

நிலத்தை ஐந்திணைகளாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய மரத்தையும் விலங்கையும் தொழிலையும் கருப்பொருளாக வகுத்துக்கொண்ட தமிழர்க்கு இக்கருத்து புதிதன்று. ஆயரின் மேய்ச்சல் நிலமான முல்லையும் அவற்றுள் ஒரு திணையாகவே மதிக்கப்பட்டது.

இன்று இம்மண்டலங்கள் அனைத்துமே மனிதனின் நெருக்குதலுக்கு ஆளாகியுள்ளன. தூந்திரத்தின் உறைநிலம் உருகுகிறது, மழைக்காடுகள் வெட்டப்படுகின்றன, பவளத்திட்டுகள் கடல்வெப்பத்தால் வெளிறுகின்றன. இவை குறித்து ஓரளவேனும் பேசுகிறோம். ஆனால், அதிகம் இழக்கப்பட்டும் மிகக் குறைவாகப் பேசப்படும் மண்டலம் ஒன்று உண்டு. அதுதான் புல்வெளி.

2005-இல் வெளியான உலகளாவிய ஆய்வு ஒன்றின்படி, மிதவெப்பப் பகுதிப் புல்வெளிகளில் ஏறத்தாழ 46 விழுக்காடு ஏற்கெனவே வயல்களாகவும் வேறு பயன்பாட்டு நிலங்களாகவும் மாற்றப்பட்டுவிட்டது. சட்டப் பாதுகாப்பு பெற்றிருந்ததோ 5 விழுக்காட்டுக்கும் குறைவு. ஓர் ஏக்கர் காக்கப்பட்ட இடத்தில் பத்து ஏக்கர் பறிபோயிருக்கிறது என்பதே இதன் பொருள்.

வட அமெரிக்காவின் பிரெய்ரி புல்வெளி இதற்கு முதல் சான்று. புல்வேர்கள் பின்னிக்கிடந்த அந்த மண்ணை மரக்கலப்பையாலோ வார்ப்பிரும்புக் கலப்பையாலோ எளிதில் உழ முடியவில்லை. 1837-இல் ஜான் டீர் உருவாக்கிய எஃகுக் கலப்பை அதைச் சாத்தியமாக்கியது. உயரப்புல் பிரெய்ரியில் இன்று எஞ்சியிருப்பது 4 விழுக்காட்டுக்கும் குறைவு. அங்கே கோடிக்கணக்கில் திரிந்த பைசன் எருமைகள், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆயிரத்துக்கும் கீழாகச் சுருங்கின. அதன் விலை 1930-களில் தெரிந்தது. மேற்கே இருந்த குறும்புல் சமவெளிகளும் உழப்பட்டிருந்தன. வறட்சி வந்தபோது மண்ணைப் பிடித்துவைக்கப் புல் இல்லை. புழுதிப் புயல்கள் எழுந்தன. லட்சக்கணக்கான மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். 1935-இல் அமெரிக்க அரசு மண்பாதுகாப்புக்கெனத் தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

இந்தப் பாடம் கண்முன் இருந்தும் சோவியத் ஒன்றியம் அதே தவறைச் செய்தது. 1954-இல் குருசேவ் தொடங்கிய 'கன்னி நிலம்' திட்டத்தில், கஜகஸ்தானிலும் சைபீரியாவிலும் சுமார் 4 கோடி ஹெக்டேர் ஸ்டெப்பி புல்வெளி சில ஆண்டுகளில் உழப்பட்டது. தொடக்கத்தில் கோதுமை குவிந்தது. 1960-களின் முற்பகுதியில் அங்கும் புழுதிப் புயல்கள் வீசின; விளைச்சல் சரிந்தது.

பிரேசிலின் செராடோ இன்றைய சான்று. சுமார் 20 லட்சம் சதுர கிலோமீட்டர் பரந்த இந்த வெப்பப் புல்வெளியில் ஏறத்தாழ பாதி, சோயா சாகுபடிக்கும் மாட்டுப் பண்ணைகளுக்கும் பலியாகிவிட்டது. இங்கே சட்டமே பாகுபாடு காட்டுகிறது. பிரேசிலின் வனச் சட்டப்படி அமேசான் காட்டுப் பகுதியில் நிலம் வைத்திருப்பவர் பொதுவாக அதில் 80 விழுக்காட்டை இயற்கையாகவே விட்டுவைக்க வேண்டும். செராடோவின் பெரும்பகுதியிலோ 20 விழுக்காடு போதும். நாட்டின் முக்கிய ஆறுகள் பலவற்றின் ஊற்றுக்கண் செராடோ என்பதை அந்தக் கணக்கு மறந்துவிட்டது.

ஏன் இந்தப் பாகுபாடு? மரமில்லாத நிலம் பாழ்நிலம் என்ற எண்ணமே அடிப்படைக் காரணம். காடு அழிந்து எஞ்சியதுதான் புல்வெளி என்று பலரும் கருதுகின்றனர். உண்மையில், உலகின் பெரும் புல்வெளிகள் நெருப்போடும் மேயும் விலங்குகளோடும் சேர்ந்து பல லட்சம் ஆண்டுகளாகப் பரிணமித்த தொன்மையான மண்டலங்கள். அவற்றின் செல்வம் கண்ணுக்குத் தெரிவதில்லை. காடு தன் கரிமத்தில் கணிசமான பங்கை மரங்களில் சேமிக்கிறது; புல்வெளி வேரிலும் மண்ணிலும் புதைத்துவைக்கிறது. மேலே தீப்பிடித்தாலும் அந்தச் சேமிப்பு பெரிதும் கரைவதில்லை.

இந்தியாவிலும் இதே நிலைதான். வரி ஈட்டித்தராத நிலத்தைத் 'தரிசு' எனப் பதிந்துவைத்த ஆங்கிலேயர் காலக் கணக்கு இன்னும் நம்மைவிட்டு அகலவில்லை. மத்திய அரசின் தரிசுநில வரைபடத்தில் புதர்நிலங்களும் அடங்குகின்றன. ஆவணத்தில் தரிசு என்றாகிவிட்டால், சூரிய மின்பூங்காவோ தொழிற்பேட்டையோ மரத்தோட்டமோ அங்கே வருவதற்குத் தடையேதும் இருப்பதில்லை. அந்த நிலத்தையே நம்பி வாழும் கானமயில் இன்று 150-க்கும் குறைவாகவே எஞ்சியிருக்கிறது. அதன் பறக்கும் வழியில் மின்கம்பிகள் எமனாக நிற்கின்றன. பசுமை மின்சாரமா, கானமயிலா என்ற வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது.

நல்லெண்ணத்தோடு செய்யும் பணியும் கேடாக முடிவதுண்டு. ஆசியாவின் சிறந்த புல்வெளிகளுள் ஒன்றாகப் போற்றப்பட்ட குஜராத்தின் பன்னியில், உப்பு பரவுவதைத் தடுக்கவென 1960-களில் சீமைக் கருவேலம் விதைக்கப்பட்டது. இன்று அது புல்வெளியின் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது. எருமை வளர்த்து வாழ்ந்த மால்தாரி மக்களின் மேய்ச்சல் நிலம் குறுகிவிட்டது.

நம் மலைகளின் கதையும் வேறல்ல. நீலகிரியிலும் பழனி மலையிலும் உச்சிப் பகுதிகளில் புல்வெளியும், பள்ளங்களில் சோலைக்காடுமாக இயற்கை ஓர் ஏற்பாட்டை வைத்திருந்தது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே நீலகிரியில் புல்வெளி இருந்ததை அங்குள்ள சதுப்புநில மண்படிவு ஆய்வுகள் காட்டுகின்றன. அதைக் காலியிடமாகக் கண்ட ஆங்கிலேயர் விறகுக்காகச் சீகை மரத்தையும் தைலமரத்தையும் நட்டனர். விடுதலைக்குப் பின் தொழிற்சாலைத் தேவைக்காக நாமும் அதைத் தொடர்ந்தோம். 1973-க்குப் பிந்தைய சுமார் 40 ஆண்டுகளில் பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு, மரத்தோட்டங்களாலும் வேளாண்மையாலும் மறைந்துவிட்டதாக 2018-இல் வெளியான செயற்கைக்கோள் பட ஆய்வு கூறுகிறது. நம் மாநில விலங்கான வரையாட்டுக்கு அந்தப் புல்வெளியைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. மழைநீரை உறிஞ்சி ஓடைகளுக்குச் சிறுகச் சிறுகக் கொடுக்கும் புல்தரை சுருங்கினால், சமவெளியில் இருக்கும் நமக்கும் அது இழப்பே.

இழந்ததை மீட்க முடியாதா? முடியும் என்கிறது கஜகஸ்தான். சோவியத் ஒன்றியம் சிதைந்தபின் வேட்டையால் சில பத்தாயிரங்களாகக் குறைந்திருந்த சைகா மான்கள், அரசும் தன்னார்வ அமைப்புகளும் சேர்ந்து ஸ்டெப்பியைக் காத்ததால் பெருகின. 2015-இல் நோய் தாக்கிச் சில வாரங்களில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவை மடிந்த பின்னரும் அம்முயற்சி தளரவில்லை. 2023-இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், 'மிக ஆபத்தான நிலை' என்ற பட்டியலிலிருந்து சைகாவை விடுவித்தது. தமிழ்நாடும் 2022-இல் அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கான கொள்கையையும், 2023-இல் வரையாட்டுத் திட்டத்தையும் தொடங்கியிருப்பது நல்ல அறிகுறி.

2030-க்குள் உலகின் நிலத்திலும் கடலிலும் 30 விழுக்காட்டைக் காப்பதென 2022-இல் மாண்ட்ரியலில் நாடுகள் உறுதிபூண்டன. 2026-ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான சர்வதேச ஆண்டாக ஐ.நா. அறிவித்தது. இவை காகிதத்தோடு நின்றுவிடாதிருக்க, முதலில் நிலப் பதிவேடுகளில் புல்வெளிக்குத் தரிசிலிருந்து வேறுபட்ட தனிப்பெயர் வேண்டும். அந்த நிலத்தை மாற்ற முனையுமுன் அதில் மேய்ப்போரின் கருத்தைக் கேட்க வேண்டும். மரநடவு இலக்குகளும் முன்பு காடு இருந்த இடங்களுக்கும் ஊர்ப்புறங்களுக்குமே வகுக்கப்பட வேண்டும்.

மரம் நடுவது அறம் என்று பள்ளிப் பருவத்திலேயே கற்றோம். எங்கே நடக்கூடாது என்பதையும் அறிந்திருப்பதே அந்த அறத்தை முழுமையாக்கும்.