சொந்த ஊரைத் தோண்டிய பிள்ளைகள்: ஜெர்மனியின் மாணவர் வரலாற்றுப் போட்டி வளர்ந்த விதம்

பள்ளி மாணவர்களுக்கு வரலாற்றுக் கட்டுரைப் போட்டி நடத்தும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. பெரும்பாலானவற்றின் போக்கும் ஒன்றுதான். ஒரு தலைவரின் பிறந்தநாள் வரும், அவரைப் பற்றித் தலைப்புத் தருவார்கள், பிள்ளைகள் நூலகத்தில் இரண்டு புத்தகம் புரட்டிவிட்டு அழகான கையெழுத்தில் நாலைந்து பக்கம் எழுதித் தருவார்கள். மேற்கு ஜெர்மனியில் 1973-இல் தொடங்கிய போட்டியும் முதலில் இந்தத் தடத்தைவிட்டு அதிகம் விலகவில்லை. ஆனால் பத்தே ஆண்டுகளுக்குள், அதே போட்டிக்காகப் பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள் நகராட்சிக் கோப்புகளைக் கேட்டு ஆவணக் காப்பகங்களின் வாசலில் நின்றார்கள். சில ஊர்களில் பெரியவர்கள் அவர்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தொழில்முறை ஆய்வாளர்கள் அதிகம் கைவைக்காத பக்கங்கள் பள்ளிக்கூடக் கட்டுரைகளில் எழுதப்பட்டன. இதற்குக் காலச்சூழல் ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம் போட்டியின் விதிகளுக்குள்ளேயே இருந்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கத்தைத் தேடினால் 1970 பிப்ரவரி 13-க்குப் போக வேண்டும். பிரேமன் நகரில் கப்பல் உரிமையாளர்களும் வணிகர்களும் ஆண்டுதோறும் கூடும் பழம்பெரும் விருந்தில் அன்று குடியரசுத் தலைவர் குஸ்டாவ் ஹைனமன் பேசினார். ஜெர்மானியர் என்றாலே ஆள்வோருக்குப் பணிந்து நடந்தவர்கள் என்று எழுதப்பட்டிருப்பது வரலாற்றின் பாதிதான், உரிமைக்காக எழுந்து நின்று தோற்றவர்களைப் பாடநூல்கள் ஓரங்கட்டிவிட்டன, சுதந்திர நாடு தன் வரலாற்றைப் பள்ளிப் பாடநூல்வரை வேறுவிதமாக எழுதிக்கொள்ள வேண்டும் என்பது அவர் பேச்சின் சாரம். ஹைனமனின் கொள்ளுத்தாத்தா 1848 புரட்சியில் பங்கெடுத்தவர். தோற்ற புரட்சியின் நினைவு அந்தக் குடும்பத்தில் வழிவழியாக வந்திருந்தது. பிரஷ்யப் படையிடம் 1849-இல் கடைசியாக வீழ்ந்த ராஸ்டாட் கோட்டையில், சுதந்திர இயக்கங்களுக்கான நினைவகம் ஒன்று அவர் முயற்சியால் 1974 ஜூனில், அவர் பதவிக்காலம் முடியும் தறுவாயில், திறக்கப்பட்டது.

நினைவகத்துக்கு இணையான இன்னொரு முயற்சிதான் மாணவர் போட்டி. அதற்குப் பணமும் அமைப்பும் தந்தவர் ஹாம்பர்க் தொழிலதிபர் குர்ட் கோர்பர். சிகரெட் தயாரிக்கும் இயந்திரங்களைச் செய்து பெரும்பொருள் ஈட்டியவர் அவர். 1959-இல் அவர் நிறுவிய கோர்பர் அறக்கட்டளைதான் இன்றுவரை போட்டியை நடத்துகிறது. நாட்டின் தலைவர் பெயரைத் தருகிறார், தனியார் அறக்கட்டளை செலவை ஏற்கிறது, கல்வித் துறை நேரடியாக உத்தரவு போடுவதில்லை. இந்த ஏற்பாடு பின்னாளில் போட்டிக்குப் பெரிய காப்பாக அமைந்தது. ஒரு மாணவியின் கட்டுரை ஓர் ஊரின் முக்கியஸ்தரைச் சங்கடப்படுத்தினால், அவர் நேராகப் போய் முறையிட ஓர் அதிகாரி கிடையாது.

முதல் மூன்று போட்டிகளின் தலைப்புகள் ஹைனமனின் மனத்தை அப்படியே காட்டுகின்றன. 1848–49 புரட்சி, 1918–19-இல் பேரரசு குடியரசான கதை, 1945–46-இல் ஜனநாயகத்தின் மறுதொடக்கம். நோக்கம் உயர்ந்தது, ஐயமில்லை. ஆனாலும் விடை தலைப்பிலேயே இருந்தது. சுதந்திரத்துக்காகப் போராடியவர்களைப் போற்ற வேண்டும் என்பது முன்பே தீர்மானமாகிவிட்ட பிறகு, மாணவர் கண்டுபிடிக்க என்ன மிச்சம்? பழைய அரசர் புகழ் இருந்த இடத்தில் புரட்சியாளர் புகழ் வந்து அமர்ந்தது.

திருப்பம் 1977-இல் வந்தது. அந்த ஆண்டிலிருந்து மூன்று போட்டிகள் அன்றாட வாழ்க்கையின் சமூக வரலாற்றைத் தலைப்பாக எடுத்துக்கொண்டன. முதலில் வேலையும் தொழில்நுட்பமும், அடுத்து வீடும் குடியிருப்பும், பிறகு ஓய்வுநேரம். மேலோட்டமாகப் பார்த்தால் அரசியலை விட்டு விலகிய சாதுவான தலைப்புகள். உண்மையில் அதுவரை நடந்ததிலேயே பெரிய மாற்றம் இதுதான். 1848 புரட்சியைப் பற்றிப் புத்தகம் கிடைக்கும். எங்கள் தெருவில் 1920-இல் ஓர் அறையில் எத்தனை பேர் படுத்தார்கள் என்பதற்குப் புத்தகம் கிடையாது. அதற்கு நகராட்சியின் கட்டட அனுமதிக் கோப்பைப் பார்க்க வேண்டும், பழைய செய்தித்தாள் கட்டுகளைப் புரட்ட வேண்டும், தெருக்கோடியில் இருக்கும் எண்பது வயதுப் பாட்டியிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும். சுவீடனில் ஸ்வென் லிண்ட்க்விஸ்ட், நிற்கும் இடத்திலேயே தோண்டச் சொல்லித் தொழிலாளர்களுக்கு ஒரு கையேடு எழுதி வெளியிட்டது 1978-இல். ஐரோப்பா முழுவதும் அந்தக் காற்று வீசியது. ஜெர்மன் போட்டி அதைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுபோனது.

இதோடு சேர்ந்து நிலைபெற்ற இன்னொரு விதி, வெளியார் கவனிக்காதது, பணி அறிக்கை. ஆய்வோடு கூடவே, அந்த ஆய்வு எப்படி நடந்தது என்பதையும் மாணவர் எழுதித் தர வேண்டும். எந்தக் காப்பகத்துக்குப் போனோம், எந்தக் கோப்பு கிடைத்தது, எதை மறுத்தார்கள், யார் பேச ஒப்புக்கொண்டு பிறகு பின்வாங்கினார், வழிகாட்டி ஆசிரியர் எந்த அளவுக்கு உதவினார், குழுவுக்குள் எதில் கருத்து வேறுபட்டது என்று எல்லாம் அதில் வரும். நடுவர்களுக்கு இது ஒரு சரிபார்ப்புக் கருவி. பெற்றோரோ ஆசிரியரோ எழுதிக் கொடுத்தால் இங்கே பிடிபட்டுவிடும். மாணவருக்கோ இது முறையியல் பாடம். தகவல் கிடைக்கவில்லை என்பதும் ஒரு தகவல்தான் என்று அவர் தாமாகவே கற்றுக்கொள்கிறார். காப்பகக் கதவு மூடப்பட்டால், மூடிய கையைப் பற்றி ஒரு பத்தி எழுதலாம். நம் கல்லூரி ஆய்வேடுகளில்கூட இப்படி ஒரு பகுதி கட்டாயமாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

காப்பகத்தில் உட்கார்ந்ததும் பிள்ளைகள் சந்தித்த முதல் தடை கையெழுத்து. பழைய ஜெர்மன் எழுத்துமுறை 1941-இல் பள்ளிகளிலிருந்து நீக்கப்பட்டது. அதற்குப் பின் படித்தவர்களுக்கு அந்தக் கடிதங்களும் குறிப்பேடுகளும் வெறும் கிறுக்கல். வாசித்துக் காட்ட வீட்டுப் பெரியவர்களைத்தான் கூப்பிட வேண்டும். வாசித்துக் காட்டுபவரோ அந்தக் காலத்தைக் கண்ணால் கண்டவர். ஒரு சொல்லுக்கு விளக்கம் கேட்கப் போய், அதுவரை வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயத்துக்கு வழி திறந்துவிடும்.

இப்படிக் கருவிகள் தயாராக இருந்த நேரத்தில்தான் 1980–81 போட்டியின் தலைப்பு அறிவிக்கப்பட்டது: நாஜி ஆட்சியில் அன்றாட வாழ்க்கை. அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியில் ‘ஹோலோகாஸ்ட்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் மேற்கு ஜெர்மனியில் ஒளிபரப்பாகி, வீடுதோறும் கேள்விகளைக் கிளப்பியிருந்தது. சுமார் 13,000 மாணவர் கலந்துகொண்டு 2,000-க்கும் மேற்பட்ட படைப்புகளை அனுப்பினார்கள். ஹிட்லரைப் பற்றியும் பெர்லினைப் பற்றியும் பாடநூல் பேசும். போட்டியோ, உன் பள்ளியின் தலைமையாசிரியர் 1933-இல் யார், உன் தெருவிலிருந்த யூதக் கடை யார் கைக்குப் போனது என்று கேட்டது. அந்தக் கடையைக் கைப்பற்றியவரின் பேரன் அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம்.

அந்தப் போட்டியில் கலந்துகொண்டவர்களுள் உலகம் அறிந்தவர் அன்னா ரோஸ்முஸ். ஆஸ்திரிய எல்லையோரம், டான்யூபும் இன் ஆறும் இல்ஸ் ஆறும் கூடும் பஸாவ் நகரத்துப் பெண். கத்தோலிக்க மறைமாவட்டத் தலைமையகமான ஊர் அது. அப்போது அவருக்கு வயது இருபது. திருச்சபையும் ஊர்ப் பெரியவர்களும் நாஜிகளை எதிர்த்து நின்றார்கள் என்று கேட்டு வளர்ந்தவர், அந்தப் பெருமையை எழுதத்தான் புறப்பட்டார். ஆவணங்கள் வேறு கதை சொல்லின. எதிர்த்தவர்களாகப் போற்றப்பட்ட சிலர் ஆட்சிக்கு ஒத்தாசையாக இருந்தவர்கள். மௌட்ஹௌசன் வதைமுகாமின் கிளைகள் அந்த ஊரிலேயே இயங்கியிருந்தன. போட்டி முடிந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. காப்பகக் கோப்புகள் மறுக்கப்பட்டபோது நகராட்சி மீது வழக்குத் தொடுத்து, பார்க்கும் உரிமையை வென்றார். 1933 முதல் 1939 வரை பஸாவில் எதிர்ப்பும் ஒடுக்குமுறையும் எப்படி இருந்தன என்பதை விவரிக்கும் அவருடைய நூல் 1983-இல் வந்தது. அடுத்த ஆண்டு, நாஜிகளை எதிர்த்து உயிர்விட்ட ஷோல் உடன்பிறப்புகள் பெயரிலான பரிசு அதற்குக் கிடைத்தது. வசையும் மிரட்டலும் கூடவே வந்தன. 1994-இல் அவர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். மிஷாயெல் ஃபெர்ஹோவன் 1990-இல் எடுத்த ‘பயங்கரமான பெண்’ படம் இந்தக் கதையைத் தழுவியதுதான். படத்தில் ஊரின் பெயர் ஃபில்ட்ஸிங் என்று மாற்றப்பட்டது. பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிக் கரடியை அது பெற்றது.

ரோஸ்முஸை ஒரு தனி வீராங்கனையாக மட்டும் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் துணிச்சல் அவருடையது. ஆனால் அவர் முட்டிய கதவு எல்லா ஊரிலும் இருந்தது. எந்தக் கோப்பை யார் எப்போது பார்க்கலாம் என்பதற்கு அன்று மேற்கு ஜெர்மனியில் சட்டமே இல்லை. காப்பக அதிகாரியின் மனமே விதி. மாநிலங்களில் முதலாவதாக பாடன்-வூர்ட்டெம்பர்க் 1987-இல் காப்பகச் சட்டம் கொண்டுவந்தது, கூட்டாட்சிச் சட்டம் 1988-இல் வந்தது, பஸாவ் இருக்கும் பவேரியாவில் 1989-இல் வந்தது. சட்டம் வருவதற்கு முந்தைய அந்தப் பத்தாண்டில் கதவைத் தட்டியவர்களில் பெரும் பங்கு பள்ளிப் பிள்ளைகளுக்கு உண்டு.

அடுத்த போட்டி, 1982–83, போர்க்கால ஜெர்மனியைப் பற்றியது. இங்கே மாணவர்கள் இன்னொரு மௌனத்தை உடைத்தார்கள். 1944 ஆகஸ்டில் ஜெர்மன் ஆட்சிப்பகுதியில் ஏறத்தாழ 76 லட்சம் வெளிநாட்டவர், போர்க்கைதிகள் உட்பட, வேலை வாங்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள். போலந்து, உக்ரைன், பிரான்ஸ் என்று எங்கிருந்தெல்லாமோ கொண்டுவரப்பட்டவர்கள். பண்ணையிலும் ஆலையிலும் ரொட்டிக் கடையிலும் எல்லார் கண்ணெதிரே இருந்தவர்கள். போருக்குப் பின் ஊர் நினைவில் அவர்களுக்கு இடமே இல்லை. ஊர்ச்சாவடிப் பதிவேடு, ஆலையின் கூலிப் பட்டியல், கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் அந்நியப் பெயர் பொறித்த கற்கள் ஆகியவற்றைக் கொண்டு பல மாணவர் குழுக்கள் இவர்களைத் தேடிப் பிடித்தன. மாணவர் ஆய்வுகளிலிருந்து தொகுத்து 1982-இல் வெளியான ‘நாஜிகளும் அண்டை வீட்டாரும்’ நூலின் பதிப்பாசிரியர்களுள் ஒருவர் உல்ரிஷ் ஹெர்பர்ட். கட்டாயத் தொழிலாளர் பற்றி இத்துறையின் அடிப்படை நூலாகக் கருதப்படும் ஆய்வை அவர் 1985-இல் வெளியிட்டார். பிழைத்திருந்த தொழிலாளருக்கு இழப்பீடு வழங்க ஜெர்மன் அரசும் தொழில் நிறுவனங்களும் சேர்ந்து ஓர் அறக்கட்டளை அமைக்க 2000-ஆம் ஆண்டு ஆகிவிட்டது.

பிறகு வந்த தலைப்புகளில் சுற்றுச்சூழல், அந்நியர் குடியேற்றம், போக்குவரத்து, நினைவுச்சின்னங்கள் எல்லாம் உண்டு. பெர்லின் சுவர் விழுந்த பின் 1994–95-இல் கிழக்கு–மேற்குக் கதைகளைத் தேடச் சொன்னார்கள். 2000–01-இல் விலங்குகளின் வரலாறு. இவற்றை ஒவ்வொன்றாக விவரிக்கத் தேவையில்லை. வடிவம் 1980-க்குள் உறுதிப்பட்டுவிட்டது. இரண்டாண்டுக்கு ஒருமுறை செப்டம்பர் 1-ஆம் தேதி தலைப்பு அறிவிப்பு, பிப்ரவரி முடிவுவரை ஆறு மாத அவகாசம், 21 வயதுக்குட்பட்ட எவரும் தனியாகவோ குழுவாகவோ பங்கேற்கலாம், பொருள் தன் ஊரையோ குடும்பத்தையோ சார்ந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவின் தேசிய வரலாற்று நாள் போட்டி ஏறத்தாழ இதே காலத்தில், 1974-இல் கிளீவ்லாந்தில், டேவிட் வான் டாஸல் என்ற வரலாற்றுப் பேராசிரியரால் தொடங்கப்பட்டது. அறிவியல் கண்காட்சியை முன்மாதிரியாகக் கொண்டது அது. கட்டுரை மட்டுமின்றி நாடகம், ஆவணப்படம், காட்சிப் பலகை எல்லாம் அதில் உண்டு. சொந்த ஊர் என்ற கட்டாயம் இல்லை. அதனால் எல்லை கடந்த கண்டுபிடிப்புகள் நிகழ்ந்தன. கான்சஸ் மாநிலத்துச் சிற்றூர்ப் பள்ளி மாணவியர் 1999-இல் ஒரு பத்திரிகைத் துணுக்கைக் கண்டார்கள். வார்சா கெட்டோவிலிருந்து இரேனா செண்ட்லர் 2,500 குழந்தைகளைக் காப்பாற்றினார் என்று அதில் இருந்தது. 250 என்பது அச்சுப்பிழையால் அப்படியாகியிருக்குமோ என்று ஆசிரியர் சந்தேகப்பட்டார். பிள்ளைகள் விசாரித்துப் பார்த்தால் செண்ட்லர் உயிரோடு வார்சாவிலேயே இருந்தார்! 2001-இல் நேரில் போய்ச் சந்தித்தார்கள். அவரை இவர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று சொல்லப்படுவது மிகை. இஸ்ரேலின் யாட் வஷெம் நினைவகம் 1965-லேயே அவரைக் கௌரவித்திருந்தது. பரவலான உலகக் கவனம் அந்த மாணவியர் போட்டிக்காக உருவாக்கிய நாடகத்தால் வந்தது என்பது சரி.

ஜெர்மன் வடிவம் பரவியது கிழக்குப் பக்கமாக. போலந்தில் கார்தா என்ற வரலாற்று ஆவண மையம் 1996-இல் இத்தகைய போட்டியைத் தொடங்கியது. ரஷ்யாவில், சோவியத் கால ஒடுக்குமுறையை ஆவணப்படுத்திய மெமோரியல் அமைப்பு 1999-இல் ‘வரலாற்றில் மனிதன்: ரஷ்யா, 20-ஆம் நூற்றாண்டு’ என்ற போட்டியைத் தொடங்கியது. 2001-இல் கோர்பர் அறக்கட்டளை இத்தகைய போட்டிகளை யூஸ்டோரி என்ற வலைப்பின்னலில் இணைத்தது. ரஷ்யப் போட்டிக்குத் தொலைதூரச் சிற்றூர்களிலிருந்தும் படைப்புகள் வந்தன: நாடுகடத்தப்பட்ட குடும்பங்கள், கூட்டுப்பண்ணைப் பஞ்சம், போரிலிருந்து திரும்பாத தாத்தாவின் கடிதங்கள். 2016 ஏப்ரலில் மாஸ்கோவில் பரிசளிப்பு விழாவுக்கு வந்தவர்கள்மீது தேசியவாதக் கும்பல் முட்டை வீசியது, எழுத்தாளர் லுத்மீலா உலித்ஸ்காயாவின் முகத்தில் பச்சைச் சாய மருந்தை ஊற்றியது. 2021 டிசம்பர் 28 அன்று மெமோரியலைக் கலைக்க உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. மேற்கு ஜெர்மனியில் போட்டியின் உறையில் குடியரசுத் தலைவரின் பெயர் இருந்தது. ரஷ்யாவில் அப்படி ஒரு நிழல் இல்லை. ஒரே விதிகள், ஒரே வயதுப் பிள்ளைகள், எதிரெதிர் முடிவுகள்.

ஜெர்மன் போட்டிக்கும் குறை உண்டு. பங்கேற்பவரில் பெரும்பாலோர் பல்கலைக்கழகத்துக்கு இட்டுச்செல்லும் ஜிம்னாசியம் வகைப் பள்ளிகளின் மாணவர். தொழிற்பயிற்சிப் பாதையில் போகும் பிள்ளைகள் குறைவு. தம் தாத்தா பாட்டி வேறு நாட்டில் வாழ்ந்த குடியேறியோர் வீட்டுப் பிள்ளைக்கு, சொந்த ஊர் என்ற விதியே ஒரு முட்டுக்கட்டையாகலாம். 2002–03-இல் இடப்பெயர்வைத் தலைப்பாக வைத்தது அந்த இடைவெளியைக் குறைக்கும் நல்ல முயற்சி. ஆனால் ஒரு தலைப்பால் தீரும் சிக்கல் இல்லை இது.

1973 முதல் இதுவரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்று, 30,000-க்கும் மேற்பட்ட படைப்புகளைத் தந்திருக்கிறார்கள். அவை இப்போது தாமே மூலச் சான்றுகளாகிவிட்டன. 1981-இல் ஒரு பதினேழு வயதுப் பையன் பதிவு செய்த நேர்காணலில் பேசியவர் இன்று உயிரோடு இல்லை. அந்த ஆலையின் கோப்புகள் பின்னர் அழிந்திருக்கலாம். நாஜிக் காலத்தை ஆராய்பவருக்கு அந்தக் கட்டுரையும், எண்பதுகளில் ஜெர்மன் ஊர்கள் எதைப் பேசின, எதைப் பேச மறுத்தன என்று ஆராய்பவருக்கு அதோடு இணைத்த பணி அறிக்கையும் உதவும்.