பழியும் வழக்கும்: ‘வெக்கை’ முதல் ‘அசுரன்’ வரை

முன்னுரை

பழிதீர்த்தல் தமிழிலக்கியத்தின் தொன்மையான கருப்பொருள்களுள் ஒன்று. சிலப்பதிகாரக் கண்ணகி பாண்டியன் அவையில் முதலில் வழக்குரைத்தாள். அதன் பின்னரே மதுரையை எரியூட்டினாள். அங்கு வழக்கு முன்னும் அழிவு பின்னுமாக அமைகின்றன. பூமணியின் ‘வெக்கை’ (1982) நாவலில் இவ்வரிசை தலைகீழாகிறது. அதனைத் தழுவி வெற்றிமாறன் இயக்கிய ‘அசுரன்’ (2019) திரைப்படத்தையும் இணைத்து, இம்மாற்றத்தின் வரலாற்றுப் பின்புலத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

‘வெக்கை’யின் அமைப்பு

கரிசல் நிலச் சிற்றூரொன்றில், தன் அண்ணனைக் கொன்ற வடக்கூரானைப் பதினைந்து வயதுச் சிதம்பரம் வெட்டுவதில் நாவல் தொடங்குகிறது. கையைத் துண்டிப்பதே அவன் எண்ணம்; ஆனால் உயிரே போய்விடுகிறது. கொலை தொடக்கத்திலேயே முடிந்துவிட, தந்தையும் மகனும் காடுமேடுகளில் மறைந்து திரியும் நாள்களே நாவலாக விரிகின்றன. தலைமறைவின் நடுவிலும் அவர்கள் உணவு தேடுகின்றனர்; சமைக்கின்றனர்; பழங்கதை பேசுகின்றனர். இறுதியில் நீதிமன்றத்தில் சரணடையப் புறப்படுகின்றனர். இங்கு வெட்டு முன்னும் வழக்கு பின்னுமாக அமைவது குறிப்பிடத்தக்கது.

வரலாற்றுப் பின்புலம்

1968 டிசம்பர் 25 அன்று, அன்றைய தஞ்சை மாவட்டக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வுப் போராட்டத்தின் தொடர்ச்சியாகத் தலித் உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசையில் எரித்துக் கொல்லப்பட்டனர். விசாரணை நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற நிலவுடைமையாளர்களை 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. அவர்களுள் முதன்மையானவரான கோபாலகிருஷ்ண நாயுடு 1980-இல் கொல்லப்பட்டார். வழக்கு கைவிட்ட இடத்தில் பழி தலையெடுத்தமைக்கு இது சான்றாகிறது. இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ (1975) இவ்வெண்மணிக் கொடுமையை நாவலாக்கியது. அந்நாவல் ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’ (1983) எனத் திரைவடிவம் பெற்றது.

‘அசுரன்’ சேர்த்தவை

‘வெக்கை’ வெண்மணியைப் பேசும் நாவலன்று. எனினும், ‘அசுரன்’ தந்தை சிவசாமிக்கு ஒரு முற்காலக் கதையை அமைத்து, அதில் குடிசை எரிப்பையும் பஞ்சமி நில மீட்பையும் இணைக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் 1891ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து, 1892-இல் ஒடுக்கப்பட்டோர்க்கு நிலம் ஒதுக்க அரசாணை பிறந்தது. அந்நிலங்களுள் பல பின்னர்ப் பிறர் கைக்குச் சென்றன. இவ்வரலாற்றைச் சேர்த்ததன்வழி, ஒரு குடும்பத்தின் பகை ஒரு சமூகத்தின் நில இழப்பாக விரிகிறது. அதே வேளையில், நாவலில் நிறைந்திருந்த அன்றாட வாழ்வு, திரையில் சண்டைக் காட்சிகளுக்குப் பெரிதும் இடம்விட்டு ஒதுங்குகிறது. இதனை இழப்பென்றே கொள்ள வேண்டும்.

முடிவுரை

சிவசாமி முன்பே பழிதீர்த்தவன்; இழந்த உயிர்களை அது மீட்டுத் தரவில்லை என்பதை உணர்ந்தவன். ஆகவே மகனிடம் கல்வியை வலியுறுத்திவிட்டு, தான் நீதிமன்றம் செல்கிறான். நீதி கிடைக்கும் என்னும் உறுதி அவனுக்கு இருந்ததாகப் படம் காட்டவில்லை. அடுத்த தலைமுறை அரிவாள் ஏந்தக்கூடாது என்பதே அவன் கவலை. கண்ணகிக்கு வழக்கு முதற்படியாக இருந்தது. சிதம்பரத்திற்கும் சிவசாமிக்கும் அது கடைசிப் புகலிடமாக எஞ்சியது. எளியோர்க்கு நீதி எட்டாத தொலைவை இவ்விடைவெளி அளந்து காட்டுகிறது எனலாம்.