பாட்டா பள்ளிக்கூடம்

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, ஆபீஸிலிருந்து முப்பது பேரை பஸ்ஸில் ஏற்றி, செங்கல்பட்டுப் பக்கம் ஒரு அரசு நடுநிலைப் பள்ளிக்குக் கூட்டிப்போனார்கள். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் டி-ஷர்ட். மதியத்துக்குள் இரண்டு வகுப்பறைகளுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து, ஒரு சுவரில் சூரியக் குடும்பம் வரைந்து, பிள்ளைகளோடு போட்டோ எடுத்துக்கொண்டோம். சனிக்கிரகத்துக்கு வளையம் போட்டது நான்தான்.

கிளம்பும்போது தலைமையாசிரியை என்னிடம் கேட்டார்: "பெயின்ட் நல்லாருக்கு சார். போன வருஷம் வேறொரு கம்பெனிக்காரங்க பத்து கம்ப்யூட்டர் குடுத்தாங்க. சொல்லித்தர ஆள் இல்ல. வாரத்துக்கு ஒரு மணி நேரம் யாராச்சும் வர முடியுமா?"

"வர்றோம் மேடம்" என்றேன். போகவில்லை. அடுத்த வருடம் எங்கள் கம்பெனியின் திட்டம் கல்வியிலிருந்து மரம் நடுவதற்கு மாறிவிட்டது. நானும் மரம் நட்டேன்.

இந்தியாவில் இது சட்டம். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பிரிவு 135. ஐந்நூறு கோடி நிகர மதிப்பு, ஆயிரம் கோடி விற்பனை, ஐந்து கோடி லாபம் - இந்த மூன்றில் ஒன்றைத் தொட்ட நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. எவ்வளவு என்பதற்கு அதில் கணக்கு இருக்கிறது. எத்தனை நாள் கூட இருப்பீர்கள் என்ற கேள்வி இல்லை.

அந்தக் கேள்வி என்னை விடாமல் இருந்ததற்கு ஒரு செருப்புக் கம்பெனிதான் காரணம்.

*

எங்கள் ஊரில் ஜூன் மாதம் என்றால் பாட்டா கடை. பள்ளி திறக்கும் முன் கறுப்பு ஷூ வாங்க அப்பா கூட்டிப்போவார். விலை எப்போதும் தொண்ணூற்றைந்து காசில் முடியும். "அஞ்சு காசு கொறச்சு ஏமாத்துறான் பாரு" என்று சொல்லிக்கொண்டே வாங்குவார். டாட்டா மாதிரி பாட்டாவும் நம்ம ஊர்க் கம்பெனி என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

முப்பது வயதுக்கு மேல் ஓட ஆரம்பித்தபோது (ஐ.டி. ஆட்கள் பலருக்கும் வருகிற வியாதிதான்) எமில் ஸாடோபெக்கைப் பற்றிப் படித்தேன். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்ஸில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வாங்கிய செக் நாட்டுக்காரர். அவர் படித்தது எங்கே என்று பார்த்தால், பாட்டா பள்ளிக்கூடம்!

*

இன்றைய செக் குடியரசின் மொராவியாப் பகுதியில் இருக்கிறது ஸ்லீன். 1894இல் தோமாஷ் பாட்டா என்ற பதினெட்டு வயது இளைஞர், அண்ணன் அன்டோனின், அக்கா அன்னாவோடு சேர்ந்து அங்கே ஒரு செருப்புப் பட்டறை தொடங்கினார். தலைமுறைகளாகச் செருப்புத் தைத்த குடும்பம். பின்னர் அமெரிக்காவின் லின் நகரத்துக்குப் போய், இயந்திரத்தில் ஷூ செய்யும் முறையைத் தொழிற்சாலையிலேயே வேலை பார்த்துக் கற்றுக்கொண்டு திரும்பினார். முதல் உலகப் போரில் ராணுவ பூட்ஸ் ஆர்டர்கள் கம்பெனியைப் பெரிதாக்கின. 1922இல் பொருளாதாரம் முடங்கியபோது ஷூ விலையைப் பாதியாகக் குறைத்தார், தொழிலாளர்களின் கூலியையும் வெட்டினார். மற்றவர்கள் ஆலையை மூடிக்கொண்டிருந்த நேரத்தில் அவருடைய கடைகளில் கூட்டம்.

1923இல் அவரே ஊரின் மேயர். அதன்பின் ஊருக்கும் கம்பெனிக்கும் நடுவில் இருந்த கோடு அழிந்தது. தொழிலாளர்களுக்குத் தோட்டத்தோடு செங்கல் வீடுகள், மருத்துவமனை, பள்ளிகள், பெரிய சினிமா அரங்கம் எல்லாம் வந்தன. சில ஆயிரம் பேர் வாழ்ந்த ஊர் 1930களின் முடிவுக்குள் முப்பதாயிரத்தைத் தாண்டியது.

1925இல் பாட்டா வேலைப் பள்ளி தொடங்கியது. பதினான்கு வயதுப் பையன்கள், பெரும்பாலும் ஏழைக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். கம்பெனி விடுதியில் தங்கி, பகலில் தொழிற்சாலையில் முழு வேலை, மாலையில் வகுப்பு. தோல், ரப்பர், இயந்திரம், கணக்கு, அயல்மொழி என்று பாடங்கள். இதில் என்னை நிறுத்தியது பண விஷயம். பையனுக்கு வாரக் கூலி உண்டு. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் அவனே அதிலிருந்து கொடுக்க வேண்டும். கணக்கு எழுத வேண்டும், மிச்சத்தைச் சேமிக்க வேண்டும். இலவசம் கிடையாது. பின்னர் பெண்களுக்கும் இப்படியே பள்ளி வந்தது. தேறியவர்கள் மேலாளர்களாகப் பல நாடுகளுக்குப் போனார்கள்.

பாட்டா இதைத் தர்மம் என்று சொல்லவில்லை. அவருக்கு ஆட்கள் தேவை, ஆகவே ஆட்களை உருவாக்கினார். எங்கள் மஞ்சள் பெயின்ட்டை நினைத்துக்கொண்டேன். அந்தப் பிள்ளைகள் தேறினாலும் தேறாவிட்டாலும் எங்கள் கம்பெனிக்கு ஒரு ரூபாய் நஷ்டமில்லை. ஸ்லீனில் ஒரு பையன் தேறவில்லையென்றால் அது கம்பெனியின் நஷ்டம். ஆகவே பாடம் நடந்தது, ஆசிரியர் இருந்தார்.

*

இதோடு நிறுத்தினால் இது விளம்பரமாகிவிடும்.

ஸ்லீனின் ஆலைக் கட்டிடங்களுக்கு ஓர் அளவு உண்டு. 6.15 மீட்டருக்கு 6.15 மீட்டர். கான்கிரீட் தூண்களுக்கு இடையே அந்தச் சதுரம், அதை நிரப்பச் செங்கலும் கண்ணாடியும். ஆலைக்குப் போட்ட அந்தச் சட்டகத்தையே பள்ளிக்கும் விடுதிக்கும் கடைக்கும் பயன்படுத்தினார்கள். எங்கள் தொழிலில் இதை டெம்ப்ளேட் என்போம். ஒருமுறை எழுதிவிட்டால் எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம். கட்டிடத்துக்கு இது சிக்கனம். மனுஷனுக்கு?

வீடு கம்பெனியுடையது. வேலை போனால் வீடும் போகும். ஊழியரின் சொந்த வாழ்க்கையையும் பணியாளர் துறை கவனித்தது. கம்யூனிஸ்டுகளுக்கும் தொழிற்சங்கக்காரர்களுக்கும் அங்கே இடமில்லை. முதலாளி மீது புகார் என்றால் மேயரிடம் போகலாம், ஆனால் மேயரும் அவரே. 1928இல் ஜெர்மன் மொழியில் வந்த ஒரு புத்தகம் தலைப்பிலேயே அவரை 'அறியப்படாத சர்வாதிகாரி' என்றது.

1932 ஜூலை 12 அன்று மூடுபனியில் கிளம்பிய விமானம் விழுந்து பாட்டா இறந்தார். மாற்றாந்தாய்க்குப் பிறந்த தம்பி யான் அன்டோனின் பொறுப்பேற்றார். அப்போது உலகம் முழுக்க இறக்குமதி வரிகள் ஏறிக்கொண்டிருந்தன. வரிச்சுவரைத் தாண்ட ஒரே வழி, உள்ளே போய் ஆலை கட்டுவது. இங்கிலாந்தில் ஈஸ்ட் டில்பரி, பிரான்ஸில் பாட்டாவில், கனடாவில் பாட்டாவா, லாகூர் அருகே பாட்டாபூர் என்று ஸ்லீனின் பிரதிகள் முளைத்தன. 1934இல் கல்கத்தாவுக்குத் தெற்கே ஹூக்ளிக் கரையில் எழுந்தது பாட்டாநகர். ஆலையைச் சுற்றிக் குடியிருப்பு, பள்ளி, விளையாட்டு மைதானம். என் கறுப்பு ஷூவின் பூர்வீகம் அதுதான். இந்த நூற்றாண்டில் அந்தக் குடியிருப்பு நிலத்தின் பெரும்பகுதியில் அடுக்குமாடி நகரியத் திட்டம் வந்துவிட்டது. கம்பெனி கொடுத்த ஊரைக் கம்பெனியால் வேறொன்றாக மாற்றவும் முடியும்.

*

பள்ளிக்கு, அதாவது ஸாடோபெக்குக்கு வருவோம். ஒரு தச்சரின் மகன். பதினைந்து பதினாறு வயதில் ஸ்லீனுக்கு வந்து, பகலில் ஷூ ஆலையிலும் மாலையில் வகுப்பிலும் இருந்தார். ஓட்டத்தில் துளி ஆர்வமில்லை. 1941இல் கம்பெனி நடத்திய ஓட்டப் பந்தயத்துக்கு நான்கு பையன்களில் ஒருவராக இவரையும் பிடித்து அனுப்பினார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பார்த்தார், டாக்டர் சோதித்துவிட்டு நல்லாத்தான் இருக்கே என்று சொல்லிவிட்டார். ஏறக்குறைய நூறு பேர் ஓடியதில் இரண்டாவதாக வந்தார். உலகத்தின் மாபெரும் ஓட்டக்காரர் கட்டாயத்தின் பேரில்தான் ஓட ஆரம்பித்தார்.

போர்க்காலத்தில் ஸ்லீனில் வேலை பார்த்துப் படித்த இன்னொரு பையன் லுட்விக் வாட்சுலிக். செருப்புத் தொழில் கற்றவர், பிறகு நாவலாசிரியரானார். போர் முடிந்ததும் 1945இல் ஆலை அரசுடைமையானது. 1949இல் ஊரின் பெயரையே கம்யூனிஸ்ட் தலைவரின் பெயரால் கோட்வால்டோவ் என்று மாற்றினார்கள். முதலாளி மாறினாரே தவிர, கேள்வி கேட்க இடமில்லாத நிலை மாறவில்லை.

1968 ஜூன் மாதம், பிராக் வசந்தத்தின் நடுவே, 'இரண்டாயிரம் சொற்கள்' என்ற அறிக்கை வெளியானது. கட்சி மக்களின் நம்பிக்கையை இழந்துவிட்டது, இனி நீங்களே உங்கள் ஊரில் கேள்வி கேளுங்கள் என்பது அதன் சாரம். எழுதியவர் வாட்சுலிக். கையெழுத்திட்டவர்களில் ஒருவர் ஸாடோபெக். சோவியத் டாங்குகள் வந்தபின் வாட்சுலிக்கின் புத்தகங்கள் தடை செய்யப்பட்டன. ஸாடோபெக்கின் ராணுவப் பதவி பறிபோனது, பல ஆண்டுகள் உடலுழைப்பு வேலை. அழுத்தத்தில் அவர் பின்வாங்கவும் செய்தார். அவர் ஓடியதை மட்டும் சொல்லி இதை மறைப்பது நியாயமில்லை.

சொன்னதைச் செய்யும் ஆட்கள் வேண்டும் என்று நடத்திய பள்ளியில் படித்த இருவர் இவர்கள். பாட்டா பள்ளிதான் அவர்களுக்குத் துணிச்சல் தந்தது என்று சொல்ல மாட்டேன், அதற்கு ஆதாரமில்லை. ஒரு பிள்ளைக்கு உண்மையாகவே சோறும் தொழிலும் படிப்பும் கிடைத்துவிட்டால், கொடுத்தவர் மனதில் வைத்திருந்த கணக்குக்குள் அது அடங்கியிருக்கும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று மட்டும் சொல்லலாம்.

*

இப்போது எந்தக் கம்பெனி பள்ளிக்கு உதவுகிறது என்று படித்தாலும் இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்கிறேன். கம்பெனி போய்விட்டால் இது நிற்குமா? பிள்ளை போக நினைத்தால் போக முடியுமா?

ஸ்லீன் இரண்டாவது கேள்வியில் தடுமாறியது. வேலையும் வீடும் பள்ளியும் ஒரே கையில் இருந்தால் வெளியே போக வழி குறைவு. எங்கள் சனிக்கிழமை முதல் கேள்வியிலேயே தோற்றது.

ஸ்லீனுக்கு 1990இல் பழைய பெயர் திரும்பக் கிடைத்தது. அங்கே பாட்டாவின் பெயரில் 2001இல் ஒரு பல்கலைக்கழகம் தொடங்கினார்கள். அது அரசுப் பல்கலைக்கழகம், கம்பெனிக்குச் சொந்தமில்லை. கம்பெனியின் தலைமை அலுவலகமாக இருந்த உயரமான கட்டிடத்தில் இன்று வட்டார நிர்வாகம் நடக்கிறது.

போன மாதம் அந்தப் பள்ளிக்கு போன் செய்தேன். பழைய தலைமையாசிரியை ஓய்வு பெற்றுவிட்டார். புதியவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "பத்துல நாலு கம்ப்யூட்டர் ஓடுது. எந்தக் கம்பெனியிலேருந்து பேசுறீங்க சார்?" என்றார்.

கம்பெனி இல்ல மேடம், நான் மட்டும்தான் என்றேன். சற்று யோசித்துவிட்டு, வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் காலியா இருக்கு என்றார். இதுவரை மூன்று வெள்ளிக்கிழமை போயிருக்கிறேன்.