குழந்தை வைத்தியமும் நம் கிராமங்களும்

குடும்ப வம்சாவளி எழுதுவோர் வளர்ந்து பெயர் பெற்றவர்களையே எழுதுவர். தொட்டிலிலேயே மறைந்த சிசுக்களுக்கு அதில் இடமில்லை. ஆயினும், “பெற்றது எட்டு, தங்கியது மூன்று” என்று பாட்டிமார் சொல்லக் கேளாத வீடு நம்மவருள் அரிது. மற்றை ஐந்தும் போன காரணம் யாது? விதியென்று சொல்லி அமைவது எளிது. சரித்திரத்தை நோக்குமிடத்து, வைத்தியசாலையின் தொலைவும், அதனால் நேர்ந்த காலதாமதமும் அதில் பெரும்பங்கு கொண்டிருந்தமை விளங்கும்.

குழந்தைகளுக்கென்றே தனி வைத்தியசாலை 1802-இல் பாரிஸ் நகரில் ஏற்பட்டது. அப்பிரெஞ்சு தேசத்தார் ஆண்ட புதுச்சேரியில் 1823-இல் ஒரு வைத்தியப் பாடசாலை நிறுவப்பட்டதாக ஜிப்மர் தன் பூர்வ சரித்திரத்தில் கூறுகின்றது. ஆயினும் இப்பயன் நகரத்தாருக்கே எளிதிற் கிட்டிற்று. நகரிலிருந்து வில்லியனூர் ஏறக்குறைய 10 கிலோமீட்டர். பாகூர் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். 1879-இல் விழுப்புரத்து இருப்புப்பாதை வந்தபின் வில்லியனூரார்க்கு வழி சற்று எளிதாயிற்று. பாகூரார்க்கு மாட்டுவண்டியே கதி. இடையே சுண்ணாம்பாற்றையும் அரியாங்குப்பத்தாற்றையும் கடத்தல் வேண்டும். கடும்பேதி கண்ட சிசுவின் உடலோ சில நாழிகைக்குள் நீர் வற்றிச் சோர்ந்துவிடும். வண்டி ஊரெல்லை தாண்டுமுன் உயிர் தாண்டிவிடும்.

நிற்க. 1954 நவம்பர் 1-இல் இந்நாடு இந்திய யூனியன் நிர்வாகத்தின்கீழ் வந்தது. 1956-இல் தன்வந்திரி வைத்தியக் கல்லூரி தோன்றி, 1964-இல் ஜிப்மர் என்னும் பெயர் பெற்றது. அதன் கிராம சுகாதார நிலையம் வில்லியனூர்ப் பக்கத்து இராமநாதபுரத்தில் உளது. வில்லியனூரிலும் பாகூரிலும் அரசாங்க சுகாதார நிலையங்கள் உள. எல்லைப்பிள்ளைச்சாவடியில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்றே ஓர் அரசாங்க ஆஸ்பத்திரி நடைபெறுகின்றது. தொலைவு குறைந்தது, தாமதம் குறைந்ததா என்பதே இன்றைய கேள்வி.

இதற்கு 1971-ஆம் ஆண்டு வங்காளத்தில் நிகழ்ந்ததொன்று நமக்குப் பாடமாகும். அகதிகள் நிறைந்த வனகாவ் முகாமில் வாந்திபேதி பரவ, நரம்பில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மகாலானபிஸ் உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த நீரை உறவினர் கையாலேயே நோயாளிகளுக்குப் புகட்டச் செய்தார். நூற்றுக்கு 30 என்றிருந்த சாவு 4-க்கும் கீழே இறங்கிற்று. சர்க்கரை உடனிருப்பின் குடல் உப்பையும் நீரையும் விரைந்து உட்கொள்ளும் என்பதே இதன் தத்துவம்.

ஆகவே, பேதி கண்டால் நீரும் பாலும் நிறுத்தும் பழைய வழக்கம் அறவே ஒழிதல் வேண்டும். சிகிச்சை ஆஸ்பத்திரி வாயிலில் அன்று, தாயின் கையில் தொடங்குகின்றது. உப்புச் சர்க்கரைப் பொட்டணத்தை அதில் குறித்த அளவு சுத்தநீரில் கரைத்துச் சிறிது சிறிதாகப் புகட்டுக, தாய்ப்பாலை நிறுத்தற்க. கண் குழிதல், சிறுநீர் இறங்காமை, அழுங்கால் கண்ணீர் வாராமை, மயக்கம் இவற்றுள் ஒன்று தோன்றினும், விடியட்டும் என்று காத்திராது உடனே வைத்தியரிடம் செல்க.

நம் சங்கத்தார் ஊர்தோறும் இப்பொட்டணங்களை வைத்திருப்பதும், நடுநிசியில் அழைத்தாலும் வாகனம் தர ஒருவரை ஏற்படுத்துவதும் பெருஞ்செலவு அன்று. நம்மவர் பிறர் என்று பாராது அதைச் செய்வோமாக. இனி எழுதப்படும் வம்சாவளிகளில் எட்டாம் பிள்ளைக்கும் பெயர் இருக்கட்டும்.