புகையிலைத் தண்ணியும் பொறிவண்டும்

பயித்தங்கொடியின் குருத்தைத் திருப்பினால் கறுப்பாய் அப்பிக் கிடக்குமே, அதுதான் அழுக்கணவன். அசுவினி எண்டும் சொல்லுவினம். கண்டவுடன எங்கட வீடுகளில் வரும் யோசனை: "புகையிலையை ஊறவைச்சு அடி, இயற்கை மருந்துதானே." அந்தத் 'தானே'யோடதான் எங்களுக்குப் பிரச்சினை.

புகையிலை எங்களுக்குப் புதுசில்லை. யாழ்ப்பாணத்துப் புகையிலை ஒருகாலம் திருவிதாங்கூர் வரைக்கும் கப்பலேறினது. ஐரோப்பாவிலோ 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே அதன் சாற்றைப் பூச்சிகளுக்குத் தெளித்தார்கள். 1828இல் ஜெர்மனியில் நிக்கொட்டினைப் பிரித்தெடுத்தார்கள். 20ஆம் நூற்றாண்டில் 40 வீத நிக்கொட்டின் சல்பேற்று, 'பிளாக் லீஃப் 40' என்ற பெயரில் அமெரிக்கத் தோட்டங்களில் அழுக்கணவனுக்குப் பேர்போன மருந்து. அது நரம்பைத் தாக்கும், பட்டாலே போதும். பூச்சிக்கு மட்டுமில்லை, தோல்வழியாக ஆளுக்கும் ஏறும்.

அழுக்கணவனைத் தின்னும் பொறிவண்டும் அதோட சாகும். அழுக்கணவன் சோடி சேராமலே குட்டி போடும். அந்தக் குட்டி ஒரு கிழமைக்குள்ள தாயாகிவிடும். பொறிவண்டு அவ்வளவு கெதியாய்ப் பெருகாது. அதனால் மருந்தடிச்ச தோட்டத்துக்கு முதலில் திரும்புவது எதிரிதான்.

1990களில் வந்த நியோநிக்கொட்டினாய்ட்டுகளின் பெயரிலேயே 'புது நிக்கொட்டின்' இருக்கு. தேனீக்களுக்கு ஆபத்தென்று 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் அவற்றில் மூன்றைத் திறந்தவெளியில் பாவிக்கத் தடை செய்தது.

வேம்பின் கதை வேறு. 1959இல் சூடானில் வெட்டுக்கிளிப் படை எல்லாப் பச்சையையும் தின்றுவிட்டு வேம்பை மட்டும் விட்டதை ஷ்முட்டரர் என்ற ஜெர்மன் ஆய்வாளர் கண்டார். 1968இல் அதன் விதையிலிருந்து அசாடிராக்டின் பிரிக்கப்பட்டது. அது பெரும்பாலும் தின்ற பூச்சியின் தோலுரிப்பைத்தான் குழப்பும். இலை தின்னாத பொறிவண்டு அதிகம் தப்பும். ஆனால் அதன் புழுவில் நேரே பட்டால் பாதிப்பு வரலாம். சாறு உறிஞ்சும் அழுக்கணவனிடம் வேலையும் மெதுவாய்த்தான் நடக்கும். சவர்க்காரத் தண்ணி கெதியானது. ஈரமாய்ப் படும்போது மட்டும் கொல்லும், காய்ந்தபின் வரும் பூச்சியை ஒண்டும் செய்யாது.

2021இல் இலங்கையில் இரசாயன உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் இறக்குமதித் தடை வந்து, சில மாதங்களில் எடுபட்டது. அப்ப நாங்களும் 'இரசாயனமா, இயற்கையா' எண்டுதான் அடிபட்டோம். எந்தப் பூச்சி சாகுது எண்டு கேட்கவில்லை.

பொறிவண்டின் புழுவை எங்களில் பலருக்குத் தெரியாது. செம்மஞ்சள் புள்ளி போட்ட, குட்டி முதலை மாதிரியான கறுப்புப் புழு. அழுக்கணவன் கூட்டத்துக்கு நடுவில நிக்கும். அதையும் பீடையெண்டு நசுக்கிப்போட்டுத்தான் புகையிலையை ஊறவைக்கிறம்.