குடிகள் நீங்கிய ஊர்

பேரரசுகள் எழுந்ததையும் வீழ்ந்ததையும் கூறுவதே வரலாறு என்று நாம் எண்ணிவிடுகிறோம். மக்கள் கூடிப் பேசிய இடங்களுக்கும் வரலாறு உண்டு. கல்லும் மண்ணும் கொண்டு கட்டப்படாத ஓர் ஊரின் வரலாற்றை இன்று மாணவர்களாகிய உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவ்வூர் இணையத்தில் இருந்தது. டிக் என்பது அதன் பெயர். தோண்டுதல் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லின் வழி வந்தது.

2004-ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவில் கெவின் ரோஸ் என்பவரும் அவருடைய நண்பர்களும் இத்தளத்தைத் தொடங்கினர். செய்தித்தாளின் முதற்பக்கத்தில் எது வரவேண்டும் என்பதை ஆசிரியர் முடிவு செய்கிறார். டிக் தளத்திலோ அம்முடிவு படிப்பவர் கையில் இருந்தது. ஒருவர் தாம் கண்ட நல்ல கட்டுரையின் இணைப்பை அங்கே இடுவார். பிறர் விரும்பினால் ஒரு பொத்தானை அழுத்தி ஆதரவளிப்பர். விரும்பாவிடின் மற்றொரு பொத்தானை அழுத்தி அதைப் புதைப்பர். ஆதரவு மிகுந்தவை முதற்பக்கம் ஏறும். நடத்தியவர்கள் தந்தது களம். அதில் விளைந்தவையோ ஊதியம் பெறாத பயனர்களின் உழைப்பு.

அப்பயனர்களின் வலிமை 2007-ஆம் ஆண்டு மே முதல் நாளில் வெளிப்பட்டது. எச்.டி. டிவிடி என்னும் படவட்டுகளின் பூட்டைத் திறக்கும் மறைவெண் ஒன்றைப் பலர் டிக்கில் வெளியிட்டனர். சட்ட நடவடிக்கைக்கு அஞ்சிய நிர்வாகம் அப்பதிவுகளை நீக்கியது. நீக்க நீக்க அவை பெருகின. முதற்பக்கம் எங்கும் அந்த எண்ணே காட்சியளித்தது. இறுதியில் ரோஸ் இணங்கினார். இனி நீக்குவதில்லை என்று அன்றே எழுதினார். மக்களும் அமைதியுற்று அங்கேயே தங்கினர். மறு ஆண்டில், கூகுள் நிறுவனம் ஏறத்தாழ 20 கோடி டாலருக்கு டிக்கை வாங்கப் பேச்சு நடத்துவதாகச் செய்திகள் வெளிவந்தன, அப்பேச்சு கைகூடவில்லை.

2010 ஆகஸ்டு 25 அன்று தளத்தின் நான்காம் பதிப்பு வெளியாயிற்று. மாற்றத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பேஸ்புக்கும் டுவிட்டரும் விரைந்து வளர்ந்துகொண்டிருந்தன. டிக்கிலோ சில பழம் பயனர்களின் கையே முதற்பக்கத்தில் ஓங்கியிருந்தது. ஆயினும் மாற்றம் வந்த முறை மக்களைப் புண்படுத்தியது. புதைக்கும் பொத்தான் மறைந்தது. புதிதாக வந்த பதிவுகளைப் பார்வையிட்டுத் தேர்ந்தெடுக்கும் பகுதியும் மறைந்தது. பத்திரிகை நிறுவனங்கள் தங்கள் கட்டுரைகளைத் தாமாகவே வந்து சேருமாறு அமைத்துக்கொள்ள வழி செய்யப்பட்டது. போதாக்குறைக்குத் தளம் அடிக்கடி செயலிழந்தது. தேர்ந்தெடுத்தவர் பார்வையாளர் ஆயினர்; அவர்கள் அமர்ந்த இடத்தில் நிறுவனங்கள் அமர்ந்தன.

ஆகஸ்டு 30-ஆம் நாளை டிக்கை விட்டு நீங்கும் நாளாகப் பயனர்கள் அறிவித்தனர். நீங்குமுன் ஒரு செயல் செய்தனர். போட்டித் தளமான ரெட்டிட்டின் பதிவுகளுக்கே ஆதரவளித்து, டிக்கின் முதற்பக்கத்தை அவற்றால் நிரப்பினர். 2005-இல் தோன்றிய ரெட்டிட், டிக்கின் சின்னமான மண்வெட்டியைத் தன் சின்னத்தில் சில காலம் சேர்த்து அவர்களை வரவேற்றது. அவ்வாண்டு அக்டோபரில் டிக் தன் ஊழியரில் 37 விழுக்காட்டினரை நீக்கியது. புதைக்கும் பொத்தான் பின்னர் மீண்டும் வந்தது, போனவர்கள் வரவில்லை. 2012 ஜூலையில் டிக்கின் பெயரும் தளமும் பீட்டாவொர்க்ஸ் நிறுவனத்திற்குச் சுமார் 5 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டதாகச் செய்தித்தாள்கள் எழுதின.

விரும்பத்தகாத முடிவு எடுத்தால் மக்கள் போய்விடுவர் என்பதுதானே இதன் பாடம் என்று நீங்கள் கேட்கலாம். அவ்வளவு எளிதன்று. அன்று வரவேற்ற ரெட்டிட்டின் பின்னாளைக் காண்க. 2023-இல், பிறர் உருவாக்கிய செயலிகள் தன் தரவைப் பயன்படுத்தப் பெருங்கட்டணம் செலுத்த வேண்டும் என்று அது அறிவித்தது. ஜூன் 12 அன்று தொடங்கி, 8,000-க்கும் மேற்பட்ட குழுக்களைத் தொண்டர்கள் அடைத்து எதிர்ப்புத் தெரிவித்தனர். நிறுவனம் பணியவில்லை. பலரும் விரும்பிய அப்போலோ என்னும் செயலி அம்மாத இறுதியில் நின்றது. ஆயினும் பெருந்திரளானோர் ரெட்டிட்டைவிட்டு நீங்கவில்லை. 2024 மார்ச்சில் அந்நிறுவனம் நியூயார்க் பங்குச் சந்தையில் நுழைந்தது.

இவ்வேறுபாட்டின் காரணம் என்று நான் கருதுவது இது. டிக்கை விட்டவர்களுக்கு அதே வகையான வேறோர் இடம் அருகில் ஆயத்தமாய் இருந்தது. தோழர்களும் உடன் வந்தனர். 2023-இல் அத்தகைய பேரிடம் வேறில்லை. பல்லாண்டுகளாகச் சேர்த்த வினாவிடைகளையும் உறவுகளையும் மூட்டை கட்டித் தூக்கிச் செல்ல வழியும் இல்லை. எனவே மனம் கசந்தவர் எல்லாரும் வெளியேறுவதில்லை. வெளியேறாதவர் எல்லாரும் மனநிறைவு உற்றவரும் அல்லர். எண்ணிக்கை குறையவில்லை என்பதைக் கொண்டு தம் முடிவு ஏற்கப்பட்டதென நிர்வாகிகள் எண்ணுவது பிழையாகும். போகும் வழி ஒன்று திறக்கும் நாளில்தான் அவர்கள் உண்மையை அறிவர்.

மற்றொன்றும் கூற வேண்டும். 2012-இல் புதிய உரிமையாளர் டிக்கை மீண்டும் திறந்தபோது, பழைய உரையாடல்கள் அங்கு இடம்பெறவில்லை. 2025 மார்ச்சில் கெவின் ரோஸும், ஒரு காலத்தில் போட்டியாளராயிருந்த ரெட்டிட்டின் நிறுவனர்களுள் ஒருவரான அலெக்சிஸ் ஓஹானியனும் இணைந்து டிக்கை வாங்கினர். பெயரை விலைக்கு வாங்கலாம். அன்று கூடியிருந்த மக்களை வாங்க இயலாது.

உங்களுள் சிலர் நாளை இத்தகைய தளங்களை அமைக்கும் பொறியாளர் ஆவீர்கள். அப்போது ஒரு பொத்தானை எடுக்குமுன் அதை அழுத்தி வந்தவர்களைக் கேளுங்கள். மற்றையோர் இன்று அங்கே எழுதுகிறீர்கள். எழுதியவற்றின் படி ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கும் உரிமை ஏட்டளவில் எல்லார்க்கும் உண்டு; தம் உழைப்பைக் கையோடு எடுத்துச் செல்ல முடிந்தவர்க்கே அது உண்மையில் பயன்படும்.