இன்சுலின் எதிர்ப்பு: மூலிகை, உணவு, உடற்பயிற்சியின் வரலாறு

இரத்தத்தில் இன்சுலின் இருந்தும் தசை, கல்லீரல், கொழுப்புத் திசுக்கள் அதற்கு உரிய அளவில் இணங்காத நிலையே இன்சுலின் எதிர்ப்பு ஆகும். கணையம் கூடுதலாக இன்சுலினைச் சுரந்து இதனை ஈடுகட்டுகிறது. அது இயலாமல் போகும்போது இரண்டாம் வகை நீரிழிவு தோன்றுகிறது.

கண்டறிதல்

1936-இல் இங்கிலாந்து மருத்துவர் ஹரால்ட் ஹிம்ஸ்வொர்த், நீரிழிவு நோயாளிகளுக்குக் குளுக்கோசையும் இன்சுலினையும் ஒருசேரக் கொடுத்துச் சோதித்தார். சிலருக்குச் சர்க்கரை கட்டுப்பட்டது, சிலருக்கு ஏறியது. இன்சுலின் குறைபாடு மட்டுமே நீரிழிவுக்குக் காரணமன்று என்பது இதனால் தெளிவாயிற்று. 1988-இல் அமெரிக்கரான ஜெரால்ட் ரீவன் இந்நிலையை உயர் இரத்த அழுத்தம், இதயநோய் ஆகியவற்றுடன் தொடர்புபடுத்தினார்.

மூலிகையிலிருந்து மாத்திரை

ஐரோப்பிய நாட்டு மருத்துவத்தில் வழங்கிய கலேகா என்னும் செடியில் குவானிடின் வகை வேதிப்பொருள் உண்டு. குவானிடின் விலங்குகளின் இரத்தச் சர்க்கரையைக் குறைப்பதாக 1918-இல் அறியப்பட்டது. ஆயினும் அச்செடி ஆடுகளைக் கொல்லும் அளவுக்கு நச்சுத்தன்மை உடையது. அதே வகையைச் சேர்ந்த, நச்சு குறைந்த மெட்ஃபார்மின் 1922-இல் டப்ளினில் தயாரிக்கப்பட்டது. பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் 1957-இல் அதனை நீரிழிவுக்கான மருந்தாக அறிமுகப்படுத்தினார். அமெரிக்கா 1994-இல்தான் அனுமதி வழங்கியது.

உணவும் உடற்பயிற்சியும்

சுருங்கி விரியும் தசை, இன்சுலினின் துணையின்றியே குளுக்கோசை உள்ளிழுக்கும். உடற்பயிற்சி பயன் தருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 3,234 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவு 2002-இல் வெளியானது. வாரம் 150 நிமிட உடலுழைப்பு, 7 விழுக்காடு எடைக் குறைப்பு ஆகியவற்றை இலக்காகக் கொண்ட குழுவில் நீரிழிவு வருவது 58 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் குழுவில் 31 விழுக்காடே குறைந்தது. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் 531 பேரிடம் நடத்திய ஆய்வு 2006-இல் வெளிவந்தது. அங்கு வாழ்க்கைமுறை மாற்றத்தால் 28.5 விழுக்காடும், மெட்ஃபார்மினால் 26.4 விழுக்காடும் குறைவு காணப்பட்டது. இரண்டையும் சேர்த்ததால் கூடுதல் பயன் கிட்டவில்லை.

வரலாறு உணர்த்துவது

வெந்தயம், பாகற்காய், சிறுகுறிஞ்சான், ஆவாரம்பூ ஆகியவை தமிழகத்தில் நெடுங்காலமாக வழக்கில் உள்ளன. இவை இன்னும் மெட்ஃபார்மின் கடந்த அளவுக்குப் பெரிய, நீண்டகாலச் சோதனைகளைக் கடக்கவில்லை. வெந்தயத்தையும் பாகற்காயையும் உணவாக உண்பது வேறு. மூலிகையை நம்பி மாத்திரையை நிறுத்துவது வேறு. மாத்திரையுடன் மூலிகைப் பொடிகளைச் சேர்த்து உண்டால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழவும் கூடும். எனவே மருத்துவரிடம் தெரிவித்த பின்னரே இவற்றைப் பயன்படுத்த வேண்டும். நடைப்பயிற்சியும் அளவான உணவும் சோதனையில் தேறிவிட்டன.